கண்டென்ஸ்டு மேட்டர் இளம் ஆய்வாளர் விருதுகள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் சொல்லித்தருகிறேன். என் பழைய மாணவி ஒருத்தி பிஎச்.டி. முடித்துவிட்டு வெளிநாட்டில் போஸ்ட்டாக்காக ஆய்வு செய்கிறாள். போன வருடம் கண்டென்ஸ்டு மேட்டர் இயற்பியலில் ஒரு இளம் ஆய்வாளர் விருதுக்கு அவள் பெயரை அனுப்பியிருக்கிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து ஸ்டாஃப் ரூம், மாட்டுத்தாவணி பஸ், கல்யாணப் பந்தி என்று எங்கே போனாலும் ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும்: வயது வரம்பும் தொகையும் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் முன்னால் அந்த வருட அறிவிப்பை எடுத்துப் படித்துவிடுங்கள்.

மேம், கண்டென்ஸ்டு மேட்டர்னா நாங்க எம்.எஸ்சி.ல படிச்ச சாலிட் ஸ்டேட் பிசிக்ஸ்தானே? பேரை மட்டும் மாத்திட்டாங்களா?

பாதி சரி. சாலிட் ஸ்டேட் என்றால் திடப்பொருள், அதிலும் பெரும்பாலும் படிகங்கள். கண்டென்ஸ்டு மேட்டருக்குள் அதுவும் வரும், திரவ ஹீலியம், டிவி திரையில் இருக்கும் திரவப் படிகம், கண்ணாடி, ஜெல் எல்லாம் வரும். தமிழில் செறிபொருள் இயற்பியல் என்று எழுதலாம். எண்ணிலடங்காத அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும்போது, தனி அணுவிடம் இல்லாத ஒரு குணம் கூட்டத்துக்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தத் துறையின் கேள்வி.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று கோரிப்பாளையத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆளுக்கு ஒரு பக்கம் போக நினைப்பார்கள், கூட்டம் ஒரே பக்கம் நகரும், நகர்த்தியது யார் என்று யாரையும் கைகாட்ட முடியாது. பாதரசத்தில் ஒரு அணுவை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அது மின்தடை இல்லாமல் கடத்துமா என்று கேட்டால் கேள்விக்கே அர்த்தம் இல்லை. கூட்டமாக வைத்து, சுமார் 4.2 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் மின்தடை காணாமல் போகிறது. 1911-ல் லைடன் நகரத்தில் காமர்லிங் ஓன்ஸ் பார்த்தது இதைத்தான்.

அப்ப தேனியில வர்றதா இருந்த நியூட்ரினோ ஆய்வகமும் இந்த கணக்குதானா?

இல்லை. அது துகள் இயற்பியல். நம்ம பக்கம் இயற்பியல் என்றாலே பொட்டிப்புரம் மலைதான் ஞாபகத்துக்கு வருகிறது, என்ன செய்ய. அந்தத் துறைக்கு விருதுகள் தனியாக இருக்கின்றன.

இது ஒரே விருதா, இல்ல நிறைய இருக்கா? எதை முதல்ல பாக்கணும்?

நிறைய. இந்தத் துறைக்கென்றே உள்ளவை, இயற்பியல் முழுவதற்கும் பொதுவானவை என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

துறைக்கென்றே உள்ளதில் பேர்பெற்றது அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் தரும் மக்மில்லன் விருது. ஒரு பொருள் எந்த வெப்பநிலையில் மீக்கடத்தியாக, அதாவது மின்தடையே இல்லாத கடத்தியாக மாறும் என்று கணக்கிட 1968-ல் ஒரு சூத்திரம் தந்த வில்லியம் மக்மில்லன் 1984-ல் விபத்தில் இறந்தார், அவர் நினைவாக வைத்தது. குறைந்த வெப்பநிலை, உயர் காந்தப்புலம் சார்ந்த வேலைக்கு ஆக்ஸ்ஃபோர்டு இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் கண்டம் வாரியாக விருதுகள் வைத்தது. அமெரிக்கக் கண்டங்களுக்கு லீ-ஓஷராஃப்-ரிச்சர்ட்சன், ஐரோப்பாவுக்கு நிக்கலஸ் குர்ட்டி, ஜப்பானுக்கு சர் மார்ட்டின் வுட். இந்த மார்ட்டின் வுட்தான் 1959-ல் வீட்டுத் தோட்டத்து ஷெட்டில் அந்த நிறுவனத்தை ஆரம்பித்தவர். பன்னாட்டு இயற்பியல் சங்கமான ஐயுபாப், காந்தவியல், குறைக்கடத்தி, குறைந்த வெப்பநிலை என்று உட்பிரிவு வாரியாக இளம் ஆய்வாளர் பரிசு தருகிறது.

நம் நாட்டில் அணுசக்தித் துறை வருடாவருடம் நடத்தும் திடநிலை இயற்பியல் கருத்தரங்கில் இளம் சாதனையாளருக்கும் சிறந்த பிஎச்.டி. ஆய்வேட்டுக்கும் பரிசு உண்டு. இந்திய இயற்பியல் சங்கம் என்.எஸ். சத்தியமூர்த்தி நினைவு விருது தருகிறது. பொதுவானவற்றில் மத்திய அரசின் பட்நாகர் விருது, இன்ஃபோசிஸ் பரிசு, இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரத்தில் இருக்கும் ஐ.சி.டி.பி. என்ற கோட்பாட்டு இயற்பியல் மையத்தின் பரிசு. ஐ.சி.டி.பி. பரிசு வளரும் நாடுகளில் இருந்துகொண்டே வேலை செய்கிற, 40 வயதுக்குட்பட்டவர்களுக்கு. 1982-ல் அதை ஏற்படுத்தினார்கள், 1983-ல் அது கிடைத்தது ஜி. பாஸ்கரனுக்கு. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் இருந்தவர், பக்கா கண்டென்ஸ்டு மேட்டர் ஆள். நாலே வருடத்தில், 1987-ல், உயர்வெப்ப மீக்கடத்திகளைப் பற்றி நோபல் பரிசு வாங்கிய பிலிப் ஆண்டர்சனோடு சேர்ந்து அவர் எழுதியதை இன்றைக்கும் புரட்டுகிறோம்.

முதலில் எதைப் பார்ப்பது என்றால், பிஎச்.டி. முடிக்கிற நேரத்தில் இருப்பவர்கள் கருத்தரங்கு ஆய்வேட்டுப் பரிசைப் பாருங்கள். மக்மில்லனை அப்புறம் பார்க்கலாம்.

இளம் ஆய்வாளர்னா எத்தனை வயசு வரைக்கும் இளம்?

விருதுக்கு விருது மாறும். சிலது பிறந்த தேதியைப் பார்க்கும். பட்நாகருக்கு 45, ஐ.சி.டி.பி.க்கு 40, இன்ஃபோசிஸ் பரிசுக்கும் 2024-லிருந்து 40. வேறு சிலது பிஎச்.டி. வாங்கிய தேதியிலிருந்து எண்ணும். மக்மில்லனுக்கு 5 வருடம், ஐயுபாப்புக்கு 8 வருடம். பி.எட். முடித்து, நாலு வருடம் ஸ்கூலில் வேலை பார்த்து, பிறகு பிஎச்.டி.க்கு வந்தவர்களுக்கு இரண்டாவது வகைதான் லாபம். 38 வயதில் பிஎச்.டி. வாங்கினாலும் எண்ணிக்கை அன்றைக்குத்தான் தொடங்கும்.

ஒரு வேடிக்கை. பட்நாகர் விருது 1958-ல் ஆரம்பித்தபோது முதலில் வாங்கியவர் கே.எஸ். கிருஷ்ணன், நம்ம வத்திராயிருப்புக்காரர். அப்போது அவருக்கு வயது 59. இன்றைய விதிப்படி அவருக்கே கிடையாது.

அது என்ன மூணு பேர் பேரைச் சேர்த்து ஒரு விருது? லீ, ஓஷராஃப்… யார் அவங்க?

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பேன். டேவிட் லீ, ராபர்ட் ரிச்சர்ட்சன் இருவரும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள், டக்ளஸ் ஓஷராஃப் அவர்களிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த மாணவர். 1971 நவம்பரில் ஓஷராஃப் ஹீலியம்-3-ஐ அழுத்தியே குளிர்வித்துக்கொண்டிருந்தார். அதை அழுத்தினால் சூடாகாமல் குளிரும், அது அந்தப் பொருளின் விசித்திரம். அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று பேனா காகிதத்தில் கோடு வரைந்துகொண்டே போகிறது. சுமார் 2.7 மில்லிகெல்வினில், அதாவது ஒரு கெல்வினில் ஆயிரத்தில் மூன்று பங்குகூட இல்லாத குளிரில், கோட்டில் ஒரு சின்ன மடிப்பு. கருவிக் கோளாறு என்று விட்டுவிடக்கூடிய அளவுதான். அவர் விடவில்லை, மறுபடி செய்து பார்த்தார், அதே அழுத்தத்தில் அதே மடிப்பு.

அது மீப்பாய்மம், உராய்வே இல்லாமல் ஓடுகிற திரவம். ஆனால் அது அவர்களுக்கு உடனே புரியவில்லை. 1972-ல் வந்த முதல் பேப்பர், திட ஹீலியம்-3-ல் ஒரு புது நிலை என்றுதான் சொன்னது. மாறியது திடப்பகுதி இல்லை, திரவப்பகுதி என்பது அடுத்த சோதனைகளில் தெரிந்தது, அதே வருடம் திருத்தி எழுதினார்கள். 1996-ல் மூவருக்கும் நோபல். பிஎச்.டி. மாணவராக இருந்தபோது பார்த்த மடிப்புக்கு இருபத்தைந்து வருடம் கழித்து நோபல் என்பதால், இளம் ஆய்வாளர் விருதுக்கு அந்தப் பெயர்கள் பொருத்தம்தான்.

நான் இங்கேயே இருக்கேன். அமெரிக்கா, ஐரோப்பா விருதுக்கெல்லாம் அப்ளை பண்ணலாமா?

கண்டம் வாரியான விருதுகளில் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, வேலை எங்கே நடக்கிறது என்று பார்க்கிறார்கள். திருமங்கலத்தில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்கிறவருக்கு லீ-ஓஷராஃப்-ரிச்சர்ட்சன் திறந்திருக்கிறது, திருமங்கலத்திலேயே இருக்கிறவருக்கு இல்லை. ஐயுபாப் எந்த நாட்டுக்காரரும் போகலாம். ஐ.சி.டி.பி. நேர்மாறு, இங்கே இருப்பவர்களுக்குத்தான்.

மேடம், என் பையன் இதுக்குப் பின்னாடியே அலையுறான். பணம் எவ்வளவு வரும்? (ஒரு அப்பா, வண்டியை ஆஃப் பண்ணாமலே கேட்டது)

அண்ணே, வீடு கட்டுகிற அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். ஐயுபாப் பரிசு ஒரு பதக்கமும் ஆயிரம் யூரோவும். பட்நாகரில் முன்பு 5 லட்சம் ரூபாயும், 65 வயது வரை மாதம் 15,000-மும் இருந்தது. அதை மத்திய அரசின் புது அறிவியல் விருதான ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்காரின் கீழ் கொண்டுவந்து 2024-ல் முதல்முறை கொடுத்தபோது பதக்கம், சான்றிதழ் மட்டும்தான். இன்ஃபோசிஸ் பரிசு ஒரு லட்சம் டாலர், ஆனால் அது இயற்பியல், வேதியியல் எல்லாவற்றுக்கும் சேர்த்து வருடத்துக்கு ஒருவருக்கு.

வருமானம் வேறு வழியில் வருகிறது. விருது இருந்தால் நல்ல இடத்தில் வேலை கிடைக்கும், ஆய்வு நிதி கேட்கும்போது கோப்பு மேலே போகும். பையன் அலையட்டும், விடுங்க.

மெயில்ல "உங்களை இன்டர்நேஷனல் யங் சயின்டிஸ்ட் அவார்டுக்குத் தேர்வு செய்திருக்கிறோம், பதிவுக் கட்டணம் ஐயாயிரம்"னு வந்திருக்கு. கட்டலாமா?

கட்டாதீங்க. பணம் கட்டினால் கிடைப்பது விருது இல்லை, ஷீல்டு. அதற்கு டவுன்ஹால் ரோட்டில் நாமே பெயர் பொறித்து வாங்கிக்கொள்ளலாம், இன்னும் மலிவு. இப்படி ஒன்றை வாங்கி பயோடேட்டாவில் போட்டவர்களைத் தேர்வுக்குழுவில் இருந்தபடி நானே பார்த்திருக்கிறேன், அதற்குக் கீழே இருக்கிற உண்மையான வேலையைக்கூடச் சந்தேகத்தோடுதான் படிக்கத் தோன்றியது.

நம்ம ஊர் காலேஜ்ல லேப் இருக்கிற லட்சணத்துக்கு இதெல்லாம் நடக்குமா? உண்மையைச் சொல்லுங்க மேம்.

உண்மை இதுதான்: கோட்பாட்டு வேலைக்கு மதுரையும் கேம்பிரிட்ஜும் அவ்வளவு தூரம் இல்லை. கேம்பிரிட்ஜில் இருந்த ஜோசப்சன், இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய தடுப்பு இருந்தாலும் மின்னோட்டம் பாயும் என்று 1962-ல் கணித்தபோது வயது 22, கையில் காகிதம்தான். சோதனை வேலைக்குத் தூரம் உண்டு. திரவ ஹீலியம் 4.2 கெல்வினில் கொதிக்கும், விலை அதிகம், நாட்டுக்கு வேண்டியதில் பெரும்பகுதி இறக்குமதி. நம்மிடம் இருப்பது திரவ நைட்ரஜன், 77 கெல்வின். அதுவும் நான் முதன்முதலில் வாங்கியது கால்நடை ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் மூலம். மாட்டுக்குச் சினை ஊசி போட உறைவிந்து வைத்திருக்கிற அந்த அலுமினிய கேன் இருக்கிறதே, அதில்தான். 1987-ல் வந்த இட்ரியம்-பேரியம்-காப்பர் ஆக்சைடு சுமார் 92 கெல்வினிலேயே மீக்கடத்தியாகிவிடும் என்பதால் எங்கள் மேசை மேல் காந்தம் மிதந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். அது செய்முறை விளக்கம், ஆராய்ச்சி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் மாதிரியை இங்கே செய்துவிட்டு அளவீட்டை வெளியே எடுக்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். யு.ஜி.சி.யும் அணுசக்தித் துறையும் சேர்ந்த யு.ஜி.சி.-டி.ஏ.இ. ஆய்வுக் கூட்டமைப்பு பல்கலைக்கழக ஆட்களுக்காகவே உருவானது, தலைமையிடம் இந்தூர், கல்பாக்கம் பக்கம் கொக்கிலமேட்டிலும் ஒரு மையம் உண்டு. இந்தூரிலேயே இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான், அதாவது பொருளை ஆராய எக்ஸ்-கதிர் தரும் துகள் முடுக்கி இருக்கிறது. ஒரு பக்கத்தில் என்ன அளக்கப் போகிறோம், ஏன் என்று எழுதி அனுப்ப வேண்டும். ஸ்லாட் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும், கிடைத்ததும் சாம்பிளைப் பஞ்சில் சுற்றிக்கொண்டு ரயில் ஏற வேண்டியதுதான்.

கே.எஸ். கிருஷ்ணனை இங்கே மறுபடி இழுக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை, பிறகு கல்கத்தாவில் ராமனோடு. படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எப்படி மாறுகிறது என்று அவர் அளந்த முறை, படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டுக் காந்தப்புலத்தில் அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று பார்ப்பது. இழை, காந்தம், பொறுமை, அவ்வளவுதான் சாமான்.

எத்தனை பேப்பர் இருக்கணும்? எங்க பேப்பர்ல பத்து பேர் பேர் வேற இருக்கு.

எண்ணிக்கை யாரும் சொல்வதில்லை. விருதுக் குறிப்பைப் படித்துப் பாருங்கள், "இன்ன பொருளில் இன்ன நிகழ்வைக் கண்டறிந்ததற்காக" என்று ஒரே வரிதான் இருக்கும். அந்த வரியை உங்களைப் பற்றி எழுத முடிகிறதா என்பதுதான் சோதனை. முப்பது பேப்பர் வைத்திருந்தும் அந்த வரியை எழுத முடியாமல் தவித்தவர்களைத் தெரியும்.

பத்து பேரில் உங்கள் பங்கு என்ன என்பதைப் பரிந்துரைக் கடிதம் சொல்ல வேண்டும். படிகத்தை வளர்த்தது நீங்களா, அளந்தது நீங்களா, அந்த மடிப்பைக் கோளாறு என்று ஒதுக்காமல் திரும்பப் பார்த்தது நீங்களா? "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்" என்று கடிதம் எழுதுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது நன்னடத்தைச் சான்றிதழ், பரிந்துரை இல்லை.

நானே என் பேரை அனுப்பலாமா? இல்லைன்னா யார்கிட்ட கேக்குறது? கேட்டா தலைக்கனம்னு நினைக்க மாட்டாங்களா?

சிலவற்றுக்கு நாமே அனுப்பலாம். பெரிய விருதுகளில் பலவற்றுக்கு வேறு ஒருவர் முன்மொழிய வேண்டும். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் விழுவது இங்கேதான், லேபில் இல்லை. கைடு தானாகவே தூக்கிவிடுவார் என்று காத்திருப்பார்கள். கைடுக்கோ எட்டு ஸ்காலர், கல்லூரியின் தரத்தைப் பார்க்க வரும் நாக் விசிட், பேப்பர் திருத்துவது. கடைசித் தேதி போன பிறகு "அட, சொல்லியிருக்கலாமேம்மா" என்பார், மனசார.

கேட்பது தலைக்கனம் இல்லை. மற்ற ஊர்களில் கேட்கிறார்கள், அதுவும் சாதாரணமாக. ஆறு வாரம் முன்னால் போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். அறிவிப்பின் பிரதி, மேலே சொன்ன அந்த ஒரு வரி, சிறந்த மூன்று பேப்பர், ஒவ்வொன்றிலும் நீங்கள் செய்தது இரண்டு வரி. "சார், இதுக்கு என் பேரை அனுப்ப முடியுமா, உங்களுக்குச் சரின்னு பட்டா மட்டும்" என்று சொன்னால் போதும். அந்தக் கடைசி நாலு வார்த்தை முக்கியம், அவருக்கு மறுக்க வழி இருக்க வேண்டும், அரை மனதோடு எழுதிய கடிதம் கெடுதல்தான் செய்யும். கைடைத் தவிர, உங்கள் பேப்பரைப் படித்துக் கருத்தரங்கில் கேள்வி கேட்டவர் யாராவது இருந்தால் அவரிடமும் கேட்கலாம், அந்தக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

கல்யாணம், ரெண்டு குழந்தை, மாமியாருக்கு ஆபரேஷன்னு நாலு வருஷம் ஓடிப்போச்சு. நான் இனிமே இளம் இல்லையா அக்கா?

வயது பற்றிய கேள்வியில் ஐயுபாப்பின் 8 வருடம் சொன்னேன் இல்லையா, அதில் பணி இடைவெளியைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. நாலு வருடம் போனால் பன்னிரண்டாவது வருடத்திலும் நீங்கள் தகுதிதான். பிறந்த தேதி பார்க்கிற விருதுகளில் தளர்வு உண்டா என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். இடைவெளியைப் பயோடேட்டாவில் மறைக்க வேண்டாம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று நேராகப் போடுங்கள், மறைத்தால் அந்த வருடங்களில் சும்மா இருந்ததாகத் தெரியும்.

கண்டுபிடிப்பு தப்புன்னு பின்னாடி தெரிஞ்சா விருதைத் திருப்பிக் கேப்பாங்களா?

தப்பு வேறு, பொய் வேறு. ஓஷராஃப் குழுவின் முதல் பேப்பரே தப்புதான், மேலே சொன்னேன். அளந்தது நிஜம், சொன்ன விளக்கம் மாறியது, அதனால் யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை.

பொய்க்கு இதே துறையில் பெரிய உதாரணம் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தின் ஹென்ட்ரிக் ஷோன். 2001-ல் சராசரியாக எட்டு நாளைக்கு ஒரு பேப்பர், முப்பது வயதில் இளம் ஆய்வாளர் விருதுகள், அடுத்த நோபல் இவருக்குத்தான் என்ற பேச்சு. பிறகு, வேறு வேறு சோதனை என்று சொன்ன இரண்டு வரைபடங்களில் இரைச்சல்கூட, அதாவது அளவீட்டில் தானாக வரும் சின்னச் சின்ன நடுக்கம்கூட அச்சு அசலாக ஒன்றாக இருப்பதைச் சிலர் கவனித்தார்கள். இரைச்சல் இரண்டு தடவை ஒரே மாதிரி வராது, அதுதான் இரைச்சல். விசாரணைக் குழு 24 புகாரில் 16-ல் முறைகேடு என்றது. 2002 செப்டம்பரில் வேலை போனது, 2004-ல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம் தான் தந்த பிஎச்.டி. பட்டத்தையே ரத்து செய்தது. மூல நோட்டுப் புத்தகத்தையும் கணினிக் கோப்பையும் அவர் வைத்திருக்கவில்லை. லேப் நோட்டில் தேதி போடு, கிழிக்காதே என்று நான் கத்துவது இதற்குத்தான், பிள்ளைகளா.

மேம், நீங்க ஏன் எதுக்கும் அப்ளை பண்ணல?

இதை ஒரே ஒரு பெண்தான் கேட்டாள், எம்.எஸ்சி. முதலாமாண்டு. பிஎச்.டி. முடித்த மறுவருடம் கருத்தரங்குப் பரிசு அறிவிப்பை என் கைடு அவராகவே கொண்டுவந்து மேசையில் வைத்து, "உன் பேரை அனுப்பவா?" என்றார். "வேண்டாம் சார், நம்ம வேலை அவ்வளவு பெருசில்ல" என்றேன். அடக்கமாகப் பேசிவிட்டதாக நினைப்பு. அவர் இரண்டாம் தடவை கேட்பார் என்று நினைத்தேன், அவர் கேட்கவில்லை. அறிவிப்புத் தாள் இன்னும் என் ஆய்வேட்டுக்குள் இருக்கிறது, பைண்டிங் விட்டுப் போன பக்கத்துக்கு அடையாளமாக.